வேறு நாடாக நடித்த மலைகள்: படம் எடுத்த இடங்களைத் தேடிக் குறைந்த செலவில் மலையகம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு ஊர் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். படப்பிடிப்பு நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று முதுகில் ஒரு பையோடு வந்து இறங்குகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் கொழும்பு மாணவர்களும் தமிழ்நாட்டு நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கட்டணத் தொகைகளை எழுதவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே விலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. எது மலிவு, எது பணத்தை விழுங்கும் என்பதைச் சொல்கிறேன்.

இந்த மலைகளில் அப்படி என்னதான் படம் எடுத்தார்கள்?

உலகம் முழுக்கத் தெரிந்தவை இரண்டு. 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' 1957இல் வெளிவந்தது, டேவிட் லீன் இயக்கியது, ஏழு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. அதன் பாலம் நின்றது கித்துல்கலவில். மற்றது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1984இல் வந்த இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படம். அதன் வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி கண்டியைச் சுற்றி எடுக்கப்பட்டது.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் படத்தில் எங்கள் மலை சயாமாக, அதாவது இன்றைய தாய்லாந்தாக, நடித்தது. இரண்டாவதில் இந்தியாவாக நடித்தது. தேயிலைத் தோட்டத்தையே கதைக்களமாகக் கொண்டு 1954இல் 'எலிபன்ட் வாக்' வந்தபோது கதை இலங்கையில் நடந்தது உண்மைதான். ஆனால் அது துரையும் துரைசாணியும் பங்களாவுமாக ஓடிய கதை. (அந்தப் படத்துக்காக முதலில் இங்கே வந்து நடித்தவர் விவியன் லீ. உடல்நலம் கெட்டு அவர் விலக, எலிசபெத் டெய்லர் நடித்தார். தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் இன்றும் தெரிவது விவியன் லீதான்.) கொழுந்து பறித்தவர்கள் பின்னணியில் நின்றார்கள். அதனால் இங்கே வருகிறவர் இரண்டு பயணங்களைச் சேர்த்தே செய்யலாம்: படத்தில் வந்த இடத்தைப் பார்ப்பது, படம் சொல்லாமல் விட்ட ஊரைப் பார்ப்பது. இரண்டாவதற்கு டிக்கெட் இல்லை.

கித்துல்கலவில் அந்தப் பாலம் இன்னும் இருக்கிறதா?

இல்லை. தகர்ப்பதற்கென்றே கட்டிய பாலம் அது. களனி கங்கைக்குக் குறுக்கே மரத்தால் உண்மையான பாலத்தைக் கட்டி, அதன்மேல் உண்மையான ரயிலை ஓட்டி, 1957 மார்ச்சில் வெடிவைத்தார்கள். முதல் முயற்சியில் வெடி வெடிக்கவில்லை. ஒரு படப்பிடிப்பாளரிடமிருந்து வரவேண்டிய சமிக்ஞை வராததால் நிறுத்திவிட்டார்கள். ரயில் பாலத்தைத் தாண்டி ஓடிவிட்டது. அதைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவந்து பிறகு தகர்த்தார்கள்.

இன்று பார்க்கக் கிடைப்பது கரையோரத்தில் எஞ்சிய அடித்தளக் கட்டைகளும், வளைந்து ஓடும் ஆறும், இரு பக்கமும் இறுகி நிற்கும் காடும். கொழும்பு – ஹட்டன் பஸ்ஸில் வந்தால் சாலையிலேயே இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து ஆற்றுக்கு ஒற்றையடிப் பாதை போகிறது. வழிகாட்ட யாராவது கூட வந்தால், நடக்கத் தொடங்கும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். ஆற்றில் இறங்கும்போது எச்சரிக்கை வேண்டும். மேலேயுள்ள மின்நிலையங்களிலிருந்து நீர் வரும்போது மட்டம் சட்டென்று உயரும்.

அந்தக் கரையில் நிற்கும்போது நான் நினைக்காமல் இருக்க முடியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படத்தின் பின்புலமான சயாம் – பர்மா ரயில் பாதை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை கட்டாய உழைப்பால் போட்ட பாதை. படம் வெள்ளையரான போர்க் கைதிகளின் கதையைச் சொன்னது. அந்தப் பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். எங்கள் பாட்டன்மார் தேயிலைக்கு வந்ததைப் போலவே அவர்கள் ரப்பருக்குப் போனவர்கள். கித்துல்கலவிலிருந்து மலை ஏறினால் சிறிது நேரத்தில் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். அந்தப் பஸ் பயணத்தில் இது உங்கள் மனதில் இருக்கட்டும்.

கண்டியில் இந்தியானா ஜோன்ஸ் இடங்களை எப்படிப் பார்ப்பது?

இந்தியாவில் படமெடுக்க அனுமதி கிடைக்காமல் இங்கே வந்தார்கள். 1983 ஏப்ரலில் படப்பிடிப்பு தொடங்கியது. வறண்டுபோன இந்தியக் கிராமம் என்று படத்தில் வருவது ஹந்தானைத் தோட்டப் பக்கத்தில் போட்ட செட். அந்த 'இந்திய'க் கிராமத்து மக்கள் பேசுவது சிங்களம். காது கொடுத்துக் கேட்டால் தெரியும். கிராமத்து மந்திரவாதியாக வருபவர் சிங்களத் திரையின் மூத்த நடிகர் டி. ஆர். நாணயக்கார.

செட்டின் தடயம் எதுவும் இல்லை. ஆனாலும் ஹந்தானைக்குப் போங்கள். கண்டி நகரிலிருந்து பஸ் இருக்கிறது. கால் வலுவுள்ளவர்கள் நடந்தே ஏறலாம். மேலே பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய உருட்டு இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களையும் வைத்திருக்கிறார்கள். முதலைகளோடு முடியும் அந்தத் தொங்குபாலக் காட்சி, அப்போது கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்கில் எடுத்தது. அணை கட்ட வந்த பொறியியலாளர்களே பாலம் போடவும் உதவினார்கள். பாலத்தைக் காட்சியிலேயே அறுத்துவிட்டார்கள். அணை இருக்கிறது, கண்டியிலிருந்து திகன வழியாகப் போகலாம்.

படக்குழு போய் மூன்று மாதத்தில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வந்தது. அந்த வருடத்தைக் கண்டியிலோ மாத்தளையிலோ வாழ்ந்த தமிழர் யாரிடமும் சினிமாப் பேச்சாக மட்டும் பேச முடியாது.

தமிழ்ப் படம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. பேசுகிறவர்கள்தான் குறைவு. இலங்கைத் தமிழ்த் திரையின் தொடக்கத்திலேயே, 1960களின் ஆரம்பத்தில், 'தோட்டக்காரி' என்ற படம் வந்தது. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' வந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் தொழிலாளர் பக்கத்தில் நின்று சொல்ல முயன்ற படம் அது. 1978இல் சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்' இலங்கை – இந்தியக் கூட்டுத் தயாரிப்பாக இங்கே எடுக்கப்பட்டது. எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு அந்தப் படத்தின் பாட்டு இன்னும் மனப்பாடம்.

அண்மையில் வந்ததில் நீங்கள் பார்த்தே ஆகவேண்டியது பிரசன்ன விதானகே இயக்கிய 'பாரடைஸ்' (2023). 2022 நெருக்கடிக் காலத்தில் இராமாயண இடங்களைச் சுற்றிப் பார்க்க வரும் கேரளத்துத் தம்பதியர் தங்குமிடத்தில் களவு போகிறது. பொலிஸின் கை போய் விழுவது தோட்டத் தமிழர் மேல். எங்கள் மலை தன் சொந்தப் பெயரில், தன் சொந்த மழையில் நனைந்தபடி வரும் படம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பாருங்கள். பிறகு இங்கே வழிகாட்டி ஒருவர் பக்கத்தில் நின்று இராமாயணம் சொல்லும்போது, சற்றுத் தள்ளி யார் நிற்கிறார்கள் என்று உங்கள் கண் தானாகத் தேடும்.

எந்த வழியாகச் சுற்றினால் செலவு குறையும்? எத்தனை நாள் வேண்டும்?

ஏழு நாள் இருந்தால் நிம்மதியாகச் சுற்றலாம். எல்லோரும் கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போகிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில். அங்கே இரண்டு இரவு. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு றம்பொடை வழியாக பஸ். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஏற்றம், நீர்வீழ்ச்சிகள் சாலையோரமாகவே வரும். நுவரெலியாவில் ஓர் இரவு. மறுநாள் வெலிமடை வழியாகப் பதுளைக்கு பஸ். புறப்பட்ட சிறிது நேரத்தில் வரும் சீதா எலியவில் இறங்கி அம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். பதுளையில் படுத்து எழுந்து, காலையில் அங்கிருந்து ரயில் ஏறுங்கள். புறப்படும் நிலையம் என்பதால் முற்பதிவில்லாத பெட்டியிலும் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம். கண்டியில் ஏறுகிறவர்கள் மணிக்கணக்காக நிற்கும் அதே பாதை இது.

இன்னொரு இலாபமும் உண்டு. பதுளையிலிருந்து ஏறும் ரயில் தெமோதரை நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி வளைந்து ஏறி, அதே நிலையத்துக்கு மேலே வந்து நிற்கும். கீழே நுழைந்த இடத்தை மேலே நின்று பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வரும் மகிழ்ச்சி பெரியவர்களுக்கும் வரும். அதற்குப் பிறகு ஒன்பது வளைவுப் பாலம், எல்ல. இறங்கி ஓர் இரவு. பின் பண்டாரவளை, ஹப்புத்தளை, ஒஹிய என்று ஏறி, நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவைத் தாண்டி, நானுஓயா வழியாக ஹட்டன். ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ்ஸில் இறங்கும் வழியில் கித்துல்கல. போன பாதையில் திரும்பி வராமல் ஒரு முழு வட்டம்.

ரயில் ஓடுகிறதா? முற்பதிவு இல்லாமல் வரலாமா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவில் பல குடும்பங்கள் மண்ணோடு போயின. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. அதனால் கொழும்பு கோட்டை நிலையத்தில் எந்தப் பகுதி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே திட்டத்தை முடிவு செய்யுங்கள். ஓடாத பகுதிக்கு பஸ் இருக்கிறது. மேலே சொன்ன வட்டம் முழுவதையும் பஸ்ஸிலேயே முடிக்கலாம்.

முற்பதிவு ஆசனங்கள் சுற்றுலாக் காலத்தில் விற்பனைக்கு வந்த கையோடு தீர்ந்துவிடும். கவலை வேண்டாம். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை அன்றே நிலையத்தில் வாங்கலாம். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை எட்டுவது அரிது. வடை விற்கிறவரும், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டியும், பள்ளிப் பிள்ளைகளும் உங்களோடு வருவது அந்தப் பெட்டியில்தான். தனியார் முகவர்கள் இரட்டிப்பு விலைக்கு நீட்டும் டிக்கெட்டை வாங்காதீர்கள்.

கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள். இந்தப் பாதையில் நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் உள்ளன. பாறைச் சுவர் சில இடங்களில் ஒரு முழத் தூரத்தில் வரும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எப்போது போவது?

விடிந்தவுடன். தொலைக்காட்சிப் பயண நிகழ்ச்சிகளில் இந்தப் பாலம் வராத ஒன்றைக் காண்பது கடினம், அதனால் பத்து மணிக்கு மேல் கூட்டம். எல்ல நகரத்திலிருந்து நடந்தே போகலாம். ஆட்டோ அவசியமில்லை. 1921இல் கட்டி முடித்த பாலம். இரும்புச் சட்டகம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெந்துமாக எழுப்பியது. ரயில் வரும் நேரத்தை எல்ல நிலையத்தில் கேட்டுக்கொண்டு, தண்டவாளத்தில் நிற்காமல் மேலேயுள்ள சரிவிலிருந்து பாருங்கள்.

எங்கே தங்குவது?

எல்லவில் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம். அங்கே எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு விலை. பண்டாரவளையும் ஹப்புத்தளையும் ரயிலில் சிறிது தூரம்தான், அறை வாடகை இறங்கிவிடும். ஹட்டனிலும் பதுளையிலும் வியாபாரிகள் தங்கும் சாதாரண விடுதிகள் இருக்கின்றன. பார்க்க எளிமையாக இருக்கும், தூங்கப் போதும். அறையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கம்பளி எத்தனை, சுடுநீர் உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். நுவரெலியாவில் ஒற்றைக் கம்பளியில் ஓர் இரவைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் வாடகை பல மடங்காகும். அந்த மாதம் அங்கே படுக்காமல் கடந்துவிடுங்கள்.

சாப்பாடு?

இதில்தான் மலையகம் உங்களைக் காப்பாற்றும். தோட்ட நகரங்களின் தமிழ்க் கடைகளில் காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் போதும். தோசை, இடியப்பம், பருப்புக் கறி எங்கும் கிடைக்கும். மத்தியானம் சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கினால் இரண்டு பேர் அரை வயிறு சாப்பிடலாம். மேசையில் தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை வைத்துவிட்டுப் போவார்கள். முழுத் தட்டுக்கும் பணம் என்று பயந்து எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள்.

அப்படியானால் பணம் எங்கே கரைகிறது?

மூன்று இடங்களில். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம்: ஹோர்ட்டன் சமவெளி, பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை போன்றவற்றில் உள்ளூர்க்காரருக்கு ஒரு கணக்கு, வெளிநாட்டவருக்கு வேறு கணக்கு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இவற்றில் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். அடுத்தது வாடகை வாகனம். பஸ் போகாத இடம் குறைவு, பஸ் வராத நேரம்தான் உண்டு. மூன்றாவது, கித்துல்கலவின் படகுச் சவாரி போன்ற சாகசங்கள்.

எந்த மாதம் வருவது?

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலப் பக்கத்தை நனைக்கும். அப்போது பதுளை, எல்லப் பக்கம் ஓரளவு வெளித்திருக்கும். ஆண்டுக் கடைசியில் நிலைமை மாறிவிடும். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். ஹட்டன் பஸ்களில் கூட்டம் நெரியும், ஆனால் இரவில் மலை ஏற விரும்புகிறவருக்கு அதுவே காலம். மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தை நிறுத்துங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்புலன்ஸ் 1990.

தோட்டத்துக்குள் போகலாமா? கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் எடுக்கலாமா?

தோட்டங்கள் கம்பனிகளின் பொறுப்பில் இருப்பவை. ஊர்களை இணைக்கும் பாதைகளில் நடக்கலாம். தேயிலைச் செடிகளுக்கு ஊடே புகுந்து நடக்கக் கூடாது.

படம் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். மலையகம் என்று தேடினால் முதலில் வரும் படம், தலையில் கூடைப் பட்டியோடு சிரிக்கும் ஒரு பெண். அவருக்கு ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு அதைத்தான் கேட்கும். நீங்கள் நிறுத்தி வைக்கும் பத்து நிமிடம் அவருடைய நிறையில் குறையும். வேலை நேரத்தில் நிறுத்தாதீர்கள். மாலையில் மடுவத்திலிருந்து வீடு திரும்புகிறபோது, "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் பெயரையும் கேளுங்கள், படத்தை அனுப்ப வழியுண்டா என்றும் கேளுங்கள்.

லயத்துக்கு முன்னால் நின்று 'அழகான பழைய வீடுகள்' என்று படமெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு குடும்பம் ஒற்றை அறையில் தலைமுறைகளாக வாழும் இடம். எங்கள் முன்னோர் இங்கே வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம்; காணி உரிமையும் வீட்டு உரிமையும் அந்த நடையின் கோரிக்கைகள். யாராவது தேத்தண்ணிக்கு அழைத்தால் போய் உட்காருங்கள். கடையில் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு போங்கள், பணத்தை நீட்டாதீர்கள்.

தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளைப் பக்கம் தாராளமாகப் போதும். கித்துல்கலவிலும் கண்டிக் கிராமங்களிலும் நாலு சிங்களச் சொல் தெரிந்தால் முகம் மலரும்.

டிரோன் கொண்டு வரலாமா?

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பையில் இடத்தை மிச்சம் பிடித்து ஒரு ஸ்வெட்டர் வைப்பது நல்லது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

விடியுமுன் கொழும்பிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறுங்கள். கித்துல்கலவில் இறங்கி ஆற்றைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஹட்டன் வாருங்கள். டவுனில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு நுவரெலியா பஸ்ஸில் தலவாக்கலைப் பக்கம் போனால் டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகள் இரண்டும் சாலையிலிருந்தே தெரியும். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு சென் கிளேயருக்குப் பழைய வீச்சு இல்லை. எங்கள் அம்மா அதன் இரைச்சல் லயம் வரை கேட்டது என்பார். பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே ஹட்டனுக்குத் திரும்பிவிடுங்கள். கடைசிக் கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கியவுடனேயே நேரக்காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.